திரைக்குப் பின்னால் உழைக்கும் நிரல்கள்: வீட்டுக் கணினியில் அறிமுகமற்றவற்றை அறிதல்

கணினியின் விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் விண்டோஸ் இயங்குதளம் ஒரு பட்டியலைக் காட்டும். டாஸ்க் மேனேஜர், அதாவது பணி மேலாளர், என்பது அதன் பெயர். நாம் திறந்து வைத்திருப்பவை ஒரு கடிதமும் ஓர் உலாவியும் மட்டுமே என்றாலும், அப்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் பெரும்பாலானவை நாம் அழைக்காமல் வந்தவை; பல பெயர்கள் வாயில் நுழையாதவை. முதன்முறை அதைக் காண்பவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். அச்சம் கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்துகிறார். அல்லது நமக்கேன் வம்பு என்று பட்டியலை மூடிவிட்டு மறந்துபோகிறார். இரண்டினாலும் இழப்பு உண்டு. தமிழில் தட்டச்சு செய்யும் வீட்டில் முதல் வகை இழப்புச் சற்றுக் கூடுதல். அது ஏன் என்பதிலிருந்தே இந்தப் பொருளை விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நிரல் என்பது வட்டில் எழுதி வைக்கப்பட்ட கட்டளைத் தொகுதி, சமையற்குறிப்பைப் போன்றது. அது நினைவகத்தில் ஏறி ஓடத் தொடங்கும்போது ‘செயல்முறை’ ஆகிறது, அதுதான் சமையல். ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு பத்து அடுப்புகளில் ஒரே நேரத்தில் சமைக்கலாம் அல்லவா? பட்டியலில் ஒரே பெயர் பலமுறை வருவதும் அவ்வாறே. செயல்முறை என்ற சொல் வழிமுறை என்ற பொருளிலும் வழங்குவதால் எனக்கு முழு நிறைவு தரவில்லை. எனினும் இதைவிட நல்ல சொல் நிலைபெறும்வரை இதனையே ஆளலாம்.

திரையில் சாளரம் ஏதும் காட்டாமல், பயனரின் கட்டளைக்குக் காத்திராமல் ஓடுபவை பின்னணிச் செயல்முறைகள். 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர் இத்தகையவற்றுக்கு ‘டீமன்’ என்று பெயரிட்டனர். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓய்வின்றி மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டேயிருக்கும் பூதமே அப்பெயருக்கு மூலம். பூதம் என்றவுடன் தமிழ் வாசகர் அஞ்ச வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்தின் சதுக்கப்பூதம் தீயோரைத்தான் தண்டித்தது.

அடுக்குமாடிக் கட்டடமொன்றை எண்ணிப் பாருங்கள். மின்தூக்கியைப் பழுதுபார்ப்பவர், நீர்த்தொட்டியைச் சோதிப்பவர், விடியுமுன் தாழ்வாரத்தைக் கழுவுபவர் என நாம் அறியாத பலர் அங்கே வந்து போகின்றனர். அவர்கள் முகம் நமக்குத் தெரியாது என்பதற்காக அவர்களை வெளியேற்றினால் மறுநாள் மின்தூக்கி ஓடாது. அதே சீருடையை அணிந்துகொண்டு வேறொருவனும் உள்ளே நுழையக்கூடும் என்பதும் உண்மை. முகம் தெரியுமா என்ற கேள்வியால் இங்கே பயனில்லை. இவரை அனுப்பியது யார், இவருக்கு எந்தக் கதவுகளின் சாவி தரப்பட்டிருக்கிறது என்று கேட்பதே தகும்.

இனித் தமிழுக்கு வருவோம். பணி மேலாளரில் ‘சிடிஎஃப் லோடர்’ என்றொரு பெயர் காணப்படும். அதன் கோப்புப் பெயர் சிடிஎஃப்மான். பொருள் புலப்படாத பெயர். இணையத்தில் ‘இது நச்சுநிரலா’ என்று பலர் ஆண்டாண்டாகக் கேட்டுவரும் பெயரும்கூட. உண்மையில் அது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உறுப்பு நிரல். ஒரு விசைப்பலகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல், கையெழுத்து உள்ளீடு, குரல் உள்ளீடு ஆகியவற்றை அந்தந்தச் செயலிகளோடு இணைத்து வைப்பது அதன் பணி. விண்டோஸ் எக்ஸ்பி புழங்கிய காலத்தில், கணினி வேகமாக ஓட வேண்டுமானால் இதனை நிறுத்துக என்னும் அறிவுரை பரவலாக இருந்தது. ஆங்கிலம் ஒன்றிலேயே தட்டச்சு செய்பவருக்கு அது பெரிய இழப்பன்று. ஆங்கிலம், தமிழ், சில வேளைகளில் மாண்டரின் என ஒரே கணினியில் மாறி மாறி எழுதும் சிங்கப்பூர் வீட்டுக்கு அவ்வறிவுரை பொருந்துமா? இதனை நிறுத்தினால் மொழி மாற்றும் குறி மறையலாம். அண்மைப் பதிப்புகளில் தேடல் பெட்டியில் ஆங்கிலம்கூடத் தட்டச்சாகாமல் போகலாம். ஒருமொழிப் பயனரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அறிவுரையைப் பன்மொழி வீட்டில் அப்படியே பின்பற்றினால் முதலில் ஊமையாவது நம் மொழிதான்.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1995 அக்டோபர் 27ஆம் நாள் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத்தொகுப்பைத் தொடங்கிவைத்தபோது, அதில் தமிழையும் இடம்பெறச் செய்தவர் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி. அக்காலத்தில் இயங்குதளத்துக்குத் தமிழ் தெரியாது. எழுத்துருவையும் உள்ளீட்டு நிரலையும் பயனரே தேடி நிறுவிக்கொள்ள வேண்டும். கோவிந்தசாமியின் கணியன், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், பின்னர் வந்த இ-கலப்பை முதலியவை அந்தத் தேவையை நிறைவேற்றின. விண்டோஸ் 2000 பதிப்பிலிருந்துதான் ஒருங்குறித் தமிழ் இயங்குதளத்தின் பகுதியாயிற்று. தமிழ்நாடு அரசு 1999இல் அறிவித்த தமிழ்99 விசைப்பலகை விண்டோஸில் உள்ளமைவாக இடம்பெறுவதற்கு 2019வரை காத்திருக்க நேர்ந்தது.

தனித்த உள்ளீட்டு நிரல் எவ்வாறு தமிழைத் தருகிறது? நாம் ‘அ’, ‘ம்’, ‘மா’ என்று அழுத்தும் ஒவ்வொரு விசையையும் அது நமக்கும் செயலிக்கும் இடையே நின்று பார்க்கிறது. பார்த்ததைத் தமிழாக்கி அனுப்புகிறது. கடவுச்சொல்லைத் திருடும் விசைப்பதிவு நிரலும் இதே இடத்தில் நின்று இதே விசைகளைத்தான் பார்க்கிறது. பார்த்ததை என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஆகவே தமிழ் உள்ளீட்டு நிரல் ஒன்றை ஏதோவோர் இணைப்பிலிருந்து இறக்கி நிறுவுவது, வீட்டுச் சாவியின் படியைத் தெரியாதவரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். உருவாக்கியவரின் தளத்திலிருந்தோ இயங்குதளத்தின் செயலிக் கடையிலிருந்தோ பெறுவதே முறை. விண்டோஸின் உள்ளமைந்த தமிழ் விசைப்பலகை போதுமென்றால் அதுவே நன்று.

சிடிஎஃப் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2019 ஆகஸ்டில் கூகுள் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி, அந்த அமைப்பின் அடிப்படையிலேயே ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரு பலவீனம் இருந்துவந்ததை வெளிப்படுத்தினார். பேசுபவர் யார் என்று சரிபார்க்காமலேயே செயலிகள் அதன் வழியாக ஒன்றோடொன்று பேச முடிந்தது. ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட ஒரு தீய நிரல் அதைப் பயன்படுத்தித் தன் அதிகாரத்தை உயர்த்திக்கொள்ள இயலும். அதற்கு மருந்து சிடிஎஃப்மானை நீக்குவதாக அமையவில்லை. மைக்ரோசாஃப்ட் அதே மாதம் திருத்தம் வெளியிட்டது; புதுப்பிப்பை ஏற்ற கணினிகள் பயன்பெற்றன. நேர்மையான பணியாளரிடமும் குறை இருக்கலாம் என்பதையும், அதைக் களையும் வழி பெரும்பாலும் புதுப்பிப்பே என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது. விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதை இவ்விடத்தில் நினைவூட்டுவது தகும்.

பெயரையும் உருவத்தையும் வைத்துத் தீர்ப்பளிப்பதன் விளைவை 2002இல் உலகமே பார்த்தது. விண்டோஸில் ஜாவா நிரலாளர்களுக்கான சிறு கோப்பொன்று இருந்தது. அதற்குக் கரடிக்குட்டிப் படமொன்றைச் சின்னமாக வைத்திருந்தனர். ‘இக்கரடியைக் கண்டால் உடனே அழியுங்கள், இது நச்சுநிரல், உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்’ என்ற மின்னஞ்சல் நாடு நாடாகப் பரவியது. சோதித்தவர்கள் அனைவரும் கரடியைக் கண்டனர், இருப்பது இயல்புதானே! நல்லெண்ணத்துடன் அழித்தனர், நல்லெண்ணத்துடன் பிறருக்கும் அனுப்பினர். அதில் நச்சுநிரல் எதுவும் இல்லை. மின்னஞ்சலே நச்சுநிரலின் வேலையைச் செய்தது. இன்று குடும்பக் குழுக்களில் சுற்றும் ‘அனைவருக்கும் பகிரவும்’ செய்திகளின் மூத்த உறவினர் அது.

அச்சமூட்டும் இயல்பான பெயர்கள் வேறு சிலவும் உள்ளன. ‘சிஸ்டம் ஐடில் புராசஸ்’ என்பது 95 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது செயலகம் சும்மா இருக்கும் நேரத்தின் அளவு. ‘எஸ்விசி ஹோஸ்ட்’ பத்துக் கணக்கில் வரும். விண்டோஸின் சேவைகளைத் தாங்கி ஓட்டும் கலம் அது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 3.5 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் கொண்ட கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனிக் கலம் ஒதுக்கப்படுவதால் எண்ணிக்கை கூடியது. ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ திடீரெனக் கணினியை மந்தமாக்கினால், விண்டோஸின் காவல் நிரல் கோப்புகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தரத் திருத்தங்களை இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை அமெரிக்க மேற்குக்கரை நேரப்படி 10 மணிக்கு வெளியிடுகிறது. சிங்கப்பூரில் அப்போது புதன்கிழமை பின்னிரவு 1 மணி அல்லது 2 மணி. ஆகவே மாதத்தில் ஒரு புதன்கிழமை காலையில் நம் கணினி மூச்சுவாங்கினால், வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று எண்ண வேண்டாம், தச்சர் வந்திருக்கிறார்.

இனி உண்மையாகவே ஐயம் எழும் நிலை. எஸ்விசி என்பதை எஸ்சிவி என்று ஓரெழுத்து மாற்றிப் பெயர் சூடிக்கொள்வது தீய நிரல்களின் பழைய உத்தி. ஒரே பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வேறிடத்தில் குடியிருப்பது அடுத்தது. எனவே பெயரின் மேல் வலப்பக்கச் சுட்டியை அழுத்தி, கோப்பு இருக்குமிடத்தைத் திறக்கச் செய்யுங்கள். எஸ்விசி ஹோஸ்டின் உண்மையான இருப்பிடம் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்டம்32. அதே பெயர் கொண்டது பதிவிறக்கக் கோப்புறையிலோ தற்காலிகக் கோப்புறையிலோ இருந்தால் அது போலி. இந்த விதி இயங்குதளத்தின் உறுப்புகளுக்கே முழுமையாகப் பொருந்தும். பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் குடியிருக்கும் நேர்மையான செயலிகளும் உண்டு. ஸூம் அவற்றுள் ஒன்று. அடுத்து, கோப்பின் பண்புகளில் மின்னிலக்கக் கையொப்பம் இருக்கிறதா, யாருடையது என்று பாருங்கள். மூன்றாவது, அதை எழுப்புவது எது என்று அறிதல். பணி மேலாளரிலேயே, கணினி தொடங்கும்போது எழுபவற்றின் பட்டியல் இருக்கிறது. இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புவோர்க்கு மார்க் ருசினோவிச் உருவாக்கிய ஆட்டோரன்ஸ், புராசஸ் எக்ஸ்புளோரர் ஆகிய இலவசக் கருவிகள் உள்ளன. 2006இலிருந்து அவை மைக்ரோசாஃப்டின் உடைமை.

ஐயத்துக்குரியதைக் கண்டவுடன் அழிப்பதைவிட, தொடக்கப் பட்டியலில் அதனை முடக்கிவிட்டு ஓரிரு நாள் பார்ப்பது நல்லது. முடக்கியதை மீண்டும் இயக்கலாம். அழித்ததை மீட்பது கடினம். நிறுத்தியவுடன் தானே மீண்டும் எழும் நிரலும் எல்லா வேளையிலும் தீயதன்று. இயங்குதளத்தின் பல சேவைகள் அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளன. மறுபுறம், பிறர் கணினியில் களவாக மின்னாணயம் ஈட்டும் நிரல்கள் சில, பணி மேலாளரைத் திறந்தவுடன் ஒதுங்கிக்கொண்டு மூடியபின் மீண்டும் ஓடுகின்றன. பட்டியலைத் திறந்த நொடியில் விசிறியின் ஓசை அடங்குவது வழக்கமாகிவிட்டால், நச்சுநிரல் தடுப்பு நிரலின் முழுச் சோதனையை இயக்குவதற்கு அது போதிய காரணம்.

கையொப்பமும் முகவரியும் சரியாக இருந்தும் தீங்கு வரலாம் என்பதே இப்பொருளின் கடினமான பகுதி. கணினியைத் துப்புரவு செய்வதற்கென்றே பலர் நிறுவிக்கொண்ட சிகிளீனர் என்ற செயலியின் ஒரு பதிப்பு, 2017 ஆகஸ்டு 15 முதல் செப்டம்பர் 12 வரை, உரிய கையொப்பத்துடனேயே தீய நிரலையும் சேர்த்துச் சுமந்து வந்தது. 22 இலட்சத்துக்கும் அதிகமான பயனர்கள் அதைப் பெற்றனர். தேவையற்ற துப்புரவுச் செயலிகளை நிறுவாதிருப்பதே சிறந்த துப்புரவு என்பது என் கருத்து.

நம் ஊரில் நடந்தது இன்னும் நெருக்கமானது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் கருவிகளில் மொபைல் கார்டியன் என்ற மேலாண்மைச் செயலி நிறுவப்பட்டிருந்தது. எந்தத் தளங்களைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பதையெல்லாம் பின்னணியிலிருந்து நெறிப்படுத்துவது அதன் வேலை. 2024 ஆகஸ்டு 4ஆம் நாள் அந்நிறுவனத்தின் அமைப்புக்குள் அந்நியர் ஊடுருவியதில், 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகளிலிருந்த தகவல்கள் தொலைவிலிருந்தபடியே துடைத்தழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் அகற்றியது. அந்தச் செயலி அறிமுகமற்றதன்று. பெற்றோரும் பள்ளியும் அறிந்து ஏற்றது. அதனிடம் எல்லாவற்றையும் அழிக்கும் சாவி இருந்தது. சாவி கைமாறியவுடன் அழிவும் கைமாறியது. பாடக் குறிப்புகளின் படி வேறெங்கும் இல்லாத மாணவர்க்கே இழப்பு மிகுந்திருக்கும். ஆகவே, பிள்ளைகளின் கருவியிலோ வேலையிடம் தந்த மடிக்கணினியிலோ இத்தகைய மேலாண்மைச் செயலியைக் கண்டால் நாமாக அதை நீக்க முயல வேண்டாம். ஆனால் அது என்னென்ன செய்ய வல்லது என்று பள்ளியிடமோ நிறுவனத்திடமோ கேட்கலாம். முக்கியக் கோப்புகளின் படியை அக்கருவிக்கு வெளியே வைத்துக்கொள்வதும் நம் கையில்தான் இருக்கிறது.

பயன்படுத்திய கணினி வாங்குவோர்க்கும் இது பொருந்தும். தேக்காவிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள சிம் லிம் ஸ்குவேரிலோ வேறெங்கோ வாங்கிய பழைய கணினியில் முன்னாள் உரிமையாளரின் மேலாண்மைச் செயலியும் தொலைக்கட்டுப்பாட்டுச் செயலியும் எஞ்சியிருக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் களைவதைவிட, அமைப்புகளில் உள்ள மீட்டமைக்கும் வசதியைக் கொண்டு எல்லாவற்றையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே மேல்.

கடைசியாக, அறியாமையையே முதலாகக் கொண்டு நடக்கும் மோசடி. தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்தோ மைக்ரோசாஃப்டிலிருந்தோ பேசுவதாகச் சொல்லும் ஒருவர் வீட்டுத் தொலைபேசியில் அழைக்கிறார். கணினியின் நிகழ்வுப் பதிவேட்டையோ செயல்முறைப் பட்டியலையோ திறக்கச் சொல்கிறார். நல்ல நிலையிலுள்ள கணினியிலும் பதிவேட்டில் சிவப்புக் குறிகள் இருக்கவே செய்யும். பட்டியலில் புரியாத பெயர்கள் இருக்கவே செய்யும். கரடிக்குட்டியின் உத்திதான், குரல் மட்டும் புதிது. பின்னர் ‘சரிசெய்ய’ டீம்வியூவர் அல்லது எனிடெஸ்க் நிறுவச் சொல்கிறார். அவை நேர்மையான நிறுவனங்களின் செயலிகள், கையொப்பம் உடையவை, எனவே தடுப்பு நிரல் பெரும்பாலும் வாய் திறக்காது. நாமே கதவைத் திறந்துவிட்ட பிறகு காவலரால் என்ன செய்ய இயலும்? தனியே இருக்கும் முதியவர்களிடம் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவைக்கலாம்: உங்கள் கணினியில் என்ன ஓடுகிறது என்பது வெளியிலிருந்து அழைப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

அத்தகைய அழைப்பில் எவரேனும் சிக்கிவிட்டால், செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். முதலில் கம்பியை உருவியோ வைஃபையை அணைத்தோ இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பணி மேலாளரில் எதை நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை. அடுத்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 எந்நேரமும் கிடைக்கும். காவல்துறையில் புகாரும் அளிக்க வேண்டும். பிறகே தொலைக்கட்டுப்பாட்டுச் செயலியை நீக்குவது, முழுச் சோதனை, தேவையாயின் மீட்டமைப்பு. கடவுச்சொற்களை அந்தக் கணினியிலிருந்து மாற்றக் கூடாது. மாற்றப்படும் புதிய சொல்லையும் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல் அதில் எஞ்சியிருக்கலாம். நம்பத் தகுந்த வேறு கருவியிலிருந்து, மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலிலும் வங்கியினுடையதை அடுத்தும் மாற்ற வேண்டும். ஏனெனில் மற்றக் கணக்குகளின் மீட்புக் கடிதங்களெல்லாம் மின்னஞ்சலுக்கே வந்து சேர்கின்றன.